ஆள் எடுக்க மலையேறி வந்தவர்கள், உதவி கொடுக்கவும் ஏறி வர வேண்டும்

காமன்வெல்த் நாடுகளின் முன்னாள் படைவீரர்களுக்கு உதவி அனுப்பும் அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கும், அந்த உதவியை நீலகிரியில் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைக் கீழ்கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த ஒருவரின் மனைவியான, தொண்ணூறு வயதை நெருங்கும் பாட்டி ஒருவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியாக நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஆண்டு முதல் உதவி பெறுவோர் எல்லாரும் நவம்பரில் நீங்கள் குறித்திருக்கும் ஒரே நாளில் குன்னூருக்கு நேரில் வர வேண்டும். கணவர் படையிலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைக் காட்ட வேண்டும். வராதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். புதிய விண்ணப்பம் இனி வாங்க மாட்டீர்கள். உதவி பெறுவோர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைவதால் நிர்வாகச் செலவைக் குறைப்பதாகக் காரணமும் எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி, "நான் இருக்கறது அவங்களுக்குத் தெரியாதா தம்பி? இத்தனை வருஷமா பணம் அனுப்பினாங்களே?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால் கேள்வியை உங்களிடமே கொண்டுவருகிறேன்.

நான் ஒரு கிளை அஞ்சலகத்தில் 31 ஆண்டுகள் தபால் கொடுத்தவன். கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கத்து ஹட்டிகளும் எஸ்டேட் லைன் வீடுகளும் என் பாதை. ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் உதவி மணியார்டராக வந்த காலத்தில் அதை வாசலில் எண்ணிக் கொடுத்தவன் நான். பாரத்தில் பெருவிரல் ரேகை வாங்குவேன். சாட்சிக்கு அடுத்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார். மை ஒட்டிய விரலைப் பாட்டி வெள்ளை முண்டின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு, ரூபாயை இரண்டாம் முறை எண்ணிய பிறகுதான் நான் அடுத்த வீட்டுக்கு நடப்பேன். பிற்பாடு பணம் வங்கிக் கணக்குக்கு மாறியது. அப்போதும் பாஸ்புக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கத்தில் யார் உயிரோடு இருக்கிறார், யார் போய்விட்டார் என்பது உங்கள் பட்டியலைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் சாட்சி சொல்லத் தகுந்தவன் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கொடுப்பது மாதக் கணக்கில் பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் ரேஷன் அரிசி போக வீட்டுக்கு வேண்டிய மற்றதெல்லாம் அந்தப் பணத்தில்தான் வருகிறது. முட்டை, பால், ரத்தக் கொதிப்பு மாத்திரை, முடியாத நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வாடகை. 2018இல் பிரிட்டன் அரசு இப்படிப்பட்ட முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் 1 கோடியே 18 லட்சம் பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தபோது, நாளுக்கு இரண்டு வேளை நல்ல சாப்பாடு என்பதைத்தான் கணக்காகச் சொன்னது. எனவே ஒரு பெயரை அடிப்பது என்றால் இரண்டு வேளைச் சாப்பாட்டை அடிப்பது என்று பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

முதலில் குன்னூர் பயணம். பாட்டியின் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. என் காலுக்கே அரை மணி நேரம் பிடிக்கும் ஏற்றம். காலை நேரத்தில் காட்டெருமை மேயும், சில நாள் கரடியும் குறுக்கே வரும். அங்கிருந்து கோத்தகிரிக்கு ஒரு பஸ். கோத்தகிரியில் இறங்கிக் குன்னூருக்கு இன்னொரு பஸ். பாட்டிக்கு இடது முழங்கால் மடங்காது. கடைசியாக அவர் பஸ் ஏறியது பேத்தியின் கல்யாணத்துக்கு, அதுவும் இரண்டு பேர் தூக்கிவிட்டு. கார் பிடித்துக்கொண்டு வரலாம் என்பீர்கள். போக வர கார் வாடகை கொடுத்தால், மூன்று மாதத்துக்கு நீங்கள் அனுப்பும் பணத்தில் நல்ல பங்கு அந்த ஒரே நாளில் போய்விடும்.

அதிலும் நவம்பர்! இந்த மலையில் நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் மண் சரிந்து ஆட்களையும் வண்டிகளையும் அடித்துக்கொண்டு போனதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் எங்கு பார்த்தாலும் சரிவு. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பல நாள் ரோடு இல்லை. தபால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்த நாட்கள் அவை. எந்த மாதம் மலைப்பாதையில் வயதானவர்களை இறக்கக் கூடாதோ, அந்த மாதத்தைத் தேதியாகக் குறித்திருக்கிறீர்கள். இந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

அடுத்தது டிஸ்சார்ஜ் புத்தகம். அதே 2009 மழையில்தான் பாட்டி வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தது. தகர டிரங்குப் பெட்டி இரண்டு நாள் சேற்றுக்குள் கிடந்தது. தோண்டி எடுத்துத் திறந்தபோது உள்ளே இருந்த காகிதமெல்லாம் கூழாகிப்போயிருந்தது. நான் பார்த்தேன். பழுப்பு அட்டை மட்டும் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டதும் அதுவும் கையோடு வந்துவிட்டது.

தப்பியது ஒரு பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். 1939 – 1945 போருக்காக உங்கள் மன்னரின் அரசு கொடுத்தது. உங்கள் சுற்றறிக்கையைப் படித்துச் சொன்ன அன்று பாட்டி அதைச் சாமி மாடத்திலிருந்து எடுத்துவந்து என் கையில் வைத்தார். இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் எழுபது, எண்பது வருஷம் கைபட்டுத் தேய்ந்த விளிம்பில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டிதான் வழி சொன்னார். மாடத்திலிருந்த விபூதியைக் கொஞ்சம் எடுத்து விளிம்பு முழுக்கத் தேய்த்து, முண்டால் லேசாகத் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். முதலில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு அவருடைய பெயர். பிறகு படைப்பிரிவின் சுருக்க எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். கணவர் பெயர் அதில் இருப்பது அன்றுவரை பாட்டிக்குத் தெரியாது. தினமும் அதன் முன்னால்தான் விளக்கு ஏற்றியிருக்கிறார்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என்ன இருந்ததோ அதில் பாதி இந்த விளிம்பில் இருக்கிறது. எண், பெயர், பிரிவு மூன்றும் இருந்தால் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம். கேட்க வேண்டியது நீங்களா, எழுத்துப் படிக்காத தொண்ணூறு வயதுப் பெண்ணா?

பெயர் என்று வந்தபிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் பெள்ளி என்பது பல வீடுகளில் உள்ள பெயர். அதை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம், நான்கையும் நான் கடித உறைகளில் பார்த்திருக்கிறேன். 1942இல் படைக்கு ஆள் எடுக்க மேசை போட்டு உட்கார்ந்த ஒரு குமாஸ்தா, வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். பின்னால் ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, ஆதாரில் இன்னொரு எழுத்து. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் ஒத்துப்போகாத ஆவணம் என்று உங்கள் ஆட்கள் திருப்பி அனுப்புகிறார்கள். கல்யாணச் சான்றிதழ் கேட்கிறார்கள். பாட்டிக்கும் அவர் கணவருக்கும் கல்யாணம் 1953இல் நடந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமே 2009இல்தான் வந்தது. ஹட்டியே கூடி நின்று நடத்திய கல்யாணத்துக்கு ஹட்டிதான் சாட்சி. அந்தச் சாட்சிகளிலும் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம்.

இனி நான் சொல்வது கொஞ்சம் பழைய கதை. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

மதராசிகள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று முடிவு கட்டி, பழைமையான மதராஸ் படைப்பிரிவுகளை 1920களில் கலைத்தது பிரிட்டிஷ் அரசு. அடுத்த போர் வந்து ஆள் பற்றாதபோது அதே அரசு திரும்பி வந்தது. மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். சாப்பர்ஸ், சர்வீஸ் கோர், ஆர்டனன்ஸ், பயனியர், மருத்துவப் பிரிவு என்று படையின் பல பிரிவுகளுக்கும் தெற்கிலிருந்து ஆள் எடுத்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு இந்தியாவில் கிடையாது. ஏறக்குறைய 25 லட்சம் பேர் தாங்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். உலகத்திலேயே தன்விருப்பத்தில் திரண்ட மிகப் பெரிய படை அதுதான் என்று நீங்களே ஒவ்வொரு நவம்பரிலும் போர் நினைவு நாளில் சொல்கிறீர்கள். சுமார் 87,000 பேர் திரும்பவில்லை. ரங்கூன் அருகே தாவுக்யானில் நிற்கும் நினைவுத் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் இருக்கின்றன. அதில் பெரும் பகுதி இந்தியப் பெயர்கள். எந்தப் பெயரும் எப்படி வேண்டுமானாலும் எழுதப்பட்டிருக்கட்டும், கல்லில் வெட்டும்போது யாரும் ஆதார் கேட்கவில்லை.

ஆள் எடுக்க எப்படி வந்தார்கள் என்பதை எனக்குச் சொன்னவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். நூறு வயது நிறைந்தவர். சோலூர்மட்டம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். லாரி ஏறி வந்து, அது நின்ற இடத்திலிருந்து நடந்து, ஹட்டிக்குள்ளேயே வந்து மார்பளவு எடுத்தார்களாம். "நாங்க எங்கயும் போகல தம்பி, அவங்கதான் வந்தாங்க" என்பார். பர்மா அரிசி நின்றுபோய் எங்கும் பஞ்சம் வாட்டிய நேரம். வீட்டுக்கு மாதாமாதம் பணம் போகும் என்றதும் கை தூக்கியிருக்கிறார். கோவேறு கழுதை ஓட்டும் கம்பெனியில் போட்டார்கள். 1944இல் இம்பாலுக்குப் போனார்.

அவரைப் பார்க்கப் போனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கழுதையில்தான் வந்து நிற்கும். ஜப்பான்காரனுக்குச் சத்தம் கேட்டுவிடும் என்று, காட்டுக்குள் கொண்டுபோன சில கழுதைகளுக்குத் தொண்டையில் அறுத்துக் குரலை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட கழுதை ஒன்று அவரிடம் இருந்தது. பசித்தால் வாயைத் திறந்து கத்தப் பார்க்குமாம், காற்று மட்டும் வரும். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் வாயைத் திறந்து அந்தக் காற்றைக் காட்டுவார். குண்டு விழுந்ததையோ ஆட்கள் செத்ததையோ அவர் இவ்வளவு விரிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த மனிதரையும் குன்னூருக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் ஒன்றரை வருஷமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. போன தடவை சரிபார்க்க வந்தவர் கைரேகைக் கருவியோடு வந்தார். விரல் விழவில்லை. எப்படி விழும்? போரிலிருந்து வந்து நாற்பது வருஷம் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்த கை. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் இதே கதைதான், இந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விரலில் ரேகை இல்லை என்றால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா?

நான்கு வருஷம் போரில் இருந்தவருக்குப் படையிலிருந்து ஏன் பென்ஷன் இல்லை என்று இங்கே இளைஞர்கள் கேட்கிறார்கள். பென்ஷனுக்கு 15 ஆண்டு சேவை வேண்டும். போருக்காக எடுத்தவர்களைப் போர் முடிந்ததும் 1945, 46, 47இல் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொஞ்சம் பணம், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், பின்னால் தபாலில் ஒரு பதக்கம். அவ்வளவுதான். சுதந்திரம் வந்ததும் இவர்கள் இரண்டு நாட்டுக்கும் நடுவில் விழுந்தார்கள். நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களைத் தியாகிகளாக ஏற்று இந்திய அரசு ஓய்வூதியம் கொடுத்தது. அது சரியான செயல், மலேயாத் தோட்டங்களிலிருந்து போன எத்தனையோ தமிழர்களுக்கு அது கிடைத்தது. இவர்களை வெள்ளைக்காரன் பட்டாளம் என்றார்கள். உங்கள் நாடோ இவர்களை இந்தியாக்காரர்கள் என்று விட்டுவிட்டது. அந்த நடுவில் கை நீட்டியது உங்களைப் போன்ற அறக்கட்டளைகள்தான். அதை நான் மறக்கவில்லை. நாற்பது, ஐம்பது வருஷம் கழித்தாவது வந்தீர்கள். வந்தவர்கள் இப்போது, கடைசிச் சில பேர் மட்டும் மிச்சம் இருக்கும்போது, பாதியில் திரும்புகிறீர்கள் என்பதுதான் என் குறை.

இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "புதிய விண்ணப்பம் இல்லை" என்ற ஒரு வரியால் நேராக அடிபடுவது அந்த வீடுதான். குன்னூருக்குக் கீழே ஒரு காலனியில் இருக்கும் அந்த அம்மாளை இரண்டு வருஷமாகத்தான் எனக்குத் தெரியும். கணவர் 1989இல் இறந்துவிட்டார். அந்த அம்மாள் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர். இப்படி ஓர் உதவி இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதே இல்லை. பிஸ்கட் டப்பாவில் இருந்த கடித உறைகளைக் காட்டி, "இதுக்கு ஏதாவது மதிப்பு இருக்கா பாருங்க" என்றார். நான் தபால்காரன், உறையைப் பார்த்தால் முதலில் முத்திரையைத்தான் பார்ப்பேன். ராணுவக் களத் தபால் நிலையத்தின் முத்திரை. எண் இருக்கிறது, 1944 என்ற வருஷம் இருக்கிறது. ஓரத்தில் சென்சார் அதிகாரி போட்ட முத்திரை. அடியில் ஒரு போட்டோ: கெய்ரோவில் ஒரு ஸ்டுடியோவில், வரைந்த பிரமிடுக்கு முன்னால், அளவுக்குப் பெரிய சட்டையில் இருபது வயதுப் பையன். அதற்குப் பிறகு இத்தாலி. அங்கே பெரும் சண்டை நடந்த காசினோ ஊர்ப் பக்கம், ஆம்புலன்ஸுக்குக் காயம்பட்டவர்களைத் தூக்கியதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

தபால் துறை வைத்த முத்திரையைவிட நம்பகமான சாட்சி வேறு என்ன இருக்கிறது? ஆனால் உங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதை ஒட்ட இடம் இல்லை. போன வருஷம் எழுதிப் போட்டேன். டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லாததால் பரிசீலிக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. இந்த வருஷம் அந்தக் கதவையும் சாத்திவிட்டீர்கள். எண்ணிக்கை குறைகிறது என்கிறீர்களே, தேடினால் இப்படி இன்னும் சில பேர் கிடைப்பார்கள். தேடாமல் எண்ணினால் குறையத்தான் செய்யும்.

இந்திய அரசு உதவுகிறதே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஓய்வூதியம் இல்லாத, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் ஒன்றிய அரசு கொடுத்துவந்த மாதம் 4,000 ரூபாய் வறுமை உதவியை 2025 நவம்பர் முதல் 8,000 ஆக்கியிருக்கிறது. அதற்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் படையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். நீங்கள் ஒருவரை விசாரித்து, இன்னார் மனைவி இவர்தான் என்று உறுதி செய்து எழுதிக் கொடுத்தால், அந்தக் கதவைத் தட்டவும் அது ஒரு காகிதமாகும். நீங்கள் பெயரை நீக்கினால் இரண்டு கதவும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும்.

மலையில் வீடு வீடாகப் போவது நடக்கிற காரியமா என்ற கேள்விக்கு நேபாளத்தைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். 15 ஆண்டு முடியாததால் பென்ஷன் இல்லாமல் போன கூர்க்கா வீரர்களுக்காக 1969இல் தொடங்கிய கூர்க்கா நல அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. அவர்கள் மாதாமாதம் நல ஓய்வூதியம் கொடுக்கிறார்கள். மலைப் பகுதிகளில் அங்கங்கே நல மையங்கள் வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு ஊழியர்கள் ஏறிப் போய்ப் பணத்தையும் மருந்தையும் கையில் கொடுத்து, உடம்பைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்குப் போக்ராவிலும் தரானிலும் தங்கும் இல்லங்கள் நடத்துகிறார்கள். அந்த மலைக்கு முன்னால் எங்கள் நீலகிரி என்ன உயரம்? அங்கே சில ஊர்களுக்கு நாள்கணக்கில் நடக்க வேண்டும். இங்கே உங்கள் பட்டியலில் இருக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரு பகலில் போய்த் திரும்பிவிடலாம். கூர்க்காவும் தன்விருப்பத்தில்தான் போனார், இவர்களும் தன்விருப்பத்தில்தான் போனார்கள். ஒரே மன்னருக்கு, ஒரே பர்மாக் காட்டில்.

சரி, நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

குன்னூருக்கு வர வேண்டும் என்ற உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். எண்பது வயது தாண்டியவர் யாரையும் நேரில் வரச் சொல்லாதீர்கள். நீங்கள் வீட்டுக்கு வாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பாக. வர முடியாத ஆண்டில் கிராம நிர்வாக அலுவலரோ, டாக்டரோ, அந்தப் பகுதித் தபால்காரரோ நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட உயிர்வாழ் சான்றிதழை ஏற்றுக்கொள்ளுங்கள். அரசு ஓய்வூதியர்களுக்கு 2020 முதலே தபால்காரர் வீடு தேடிப் போய் 70 ரூபாய்க்கு டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறார். இப்போது முகத்தைச் செல்போனில் காட்டினாலே போதும், விரல் ரேகை வேண்டியதில்லை. அரசாங்கமே நம்பும் முறையை நீங்கள் நம்பக் கூடாதா?

டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நீக்காதீர்கள். எண் பொறித்த பதக்கம், களத் தபால் முத்திரை உள்ள கடிதம், சம்பளப் புத்தகத்தின் ஒரு தாள் கிடைத்தாலும் அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, ரெக்கார்ட் ஆபீஸுக்கு நீங்களே எழுதுங்கள். பதில் வரும்வரை பணத்தை நிறுத்தாதீர்கள். இது மிக முக்கியம். இவர்கள் வயதில் ஆறு மாதக் கடிதப் போக்குவரத்து என்பது சின்ன விஷயம் இல்லை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ஊர்ப் பெரியவர்கள் இருவரின் கையெழுத்தோடு விட்டுவிடுங்கள்.

புதிய விண்ணப்பங்களைத் திறங்கள். வேண்டுமானால் ஓர் ஆண்டுக்கு மட்டுமாவது திறந்து, ஒவ்வொரு கிளை அஞ்சலகத்திலும் ரேஷன் கடையிலும் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். ஒட்டும் வேலையை நான் செய்கிறேன். இனி அனுப்பும் எந்தக் கடிதத்தையும் தமிழில் அனுப்புங்கள். கடைசியாக, யார் பெயரையாவது எடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சுற்றறிக்கை தொடர்பாக அடுத்த மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். உங்கள் பட்டியலில் கோத்தகிரி வட்டத்தில் இருக்கும் அத்தனை வீடுகளுக்கும் உங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு போக நான் தயார். சம்பளம் வேண்டாம், பஸ் டிக்கெட்டும் நானே வாங்கிக்கொள்கிறேன். பாட்டி வீட்டுக்கு வர வேண்டுமானால் கோத்தகிரியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள். இறங்கும் இடத்தில் குடையோடு நிற்பேன். அங்கிருந்து அரை மணி நேர நடை. பதக்கத்தைப் பாட்டி எடுத்து வைத்திருப்பார், விபூதி வீட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமத் தபால்காரர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்